கடல்மேல் விருந்தினர்



பண்டைத் தமிழர் கடல் கடந்தது பெரும்பாலும் பொருள் தேடும்பொருட்டே. கணவன் மரக்கலம் ஏறுவான். மனைவி கரையில் நின்று நாளெண்ணிக் காத்திருப்பாள். கடல்வழிச் செலவில் மகளிரை உடன்கொண்டு போதல் வழக்கமன்று எனத் தொல்காப்பியமும் கூறும். கடல் என்பது அக்காலத்தில் பிரிவுக்குரிய வழி, இல்லறத்துக்குரிய இடமன்று.

இல்லறத்தார்க்குரிய தலையாய கடமை வேறொன்று. அது வந்தாரை வரவேற்று உண்பித்தல். வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் தனி அதிகாரமாகவே அமைத்தார். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்தலின் பயன்களுள் ஒன்று, பிறரை விருந்தினராக ஏற்றலாம் என்பது நம்முன்னோர் கொள்கை.

இவ்விரண்டு வழக்கங்களையும் ஒருங்கே தலைகீழாக்கிய பயணம் ஒன்றுண்டு. அதில் கணவனும் மனைவியும் சேர்ந்தே கப்பலேறுவர். பொருள் தேடச் செல்லார். தேடிய பொருளைச் செலவிடச் செல்வர். வீட்டில் விருந்தளித்தவர்கள் கடலில் விருந்துண்பர். துறைதோறும் இறங்கி அயலார் ஊர்களைக் கண்டு மீள்வர். உல்லாசக் கப்பற் பயணம் என்று இதனை இன்று வழங்குகின்றோம். இப்பயணம் எவ்வாறு தோன்றியது, இதிலே விருந்தளிப்போர் யார், விருந்தினர் யார், விருந்தினர்க்கும் ஓர் அறம் உண்டா என்பனவற்றைச் சிறிது ஆராய்வோம்.

ஜேர்மனியின் வடபகுதியில் எல்பே நதியின்மேல் அமைந்தது ஹம்பேர்க் நகரம். அந்நகரத்துத் துறைமுகத்தை அடுத்து, 1857ஆம் ஆண்டில், எளிய யூதக் குடும்பம் ஒன்றின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர் அல்பேர்ட் பலீன். அவருடைய தந்தையார், வறுமையால் ஐரோப்பாவை விட்டு அமெரிக்காவுக்குப் புலம்பெயர்வோர்க்குக் கப்பற் சீட்டு ஏற்பாடு செய்யும் சிறு முகவர் நிலையமொன்றில் பங்காளராயிருந்தார். தந்தையார் இறந்தபோது பலீன் பதின்ம வயதினர். அத்தொழிலிலேயே புகுந்து, அதனை வளர்த்து, 1886இல் ஹம்பேர்க்-அமெரிக்கக் கப்பற் கம்பனியின் பிரயாணிகள் பகுதிக்குத் தலைவரானார்.

அக்கம்பனிக்கு அப்பொழுது ஒரு புதிய கப்பல் வாய்த்தது. ஜேர்மானியப் பேரரசியின் பெயரால் ‘அகுஸ்தா விக்டோரியா’ என அழைக்கப்பெற்ற அக்கப்பல், 1889ஆம் ஆண்டு மே மாதத்தில் முதன்முதலாக நியூயோர்க்குக்குச் சென்றது. 7,661 டொன் கொள்ளளவும் இரட்டைச் சுழலிகளும் உடைய அது, அக்காலத்து விரைவுக் கப்பல்களுள் ஒன்றாக விளங்கியது. ஆனால் அதற்கும் ஒரு பகை இருந்தது. அப்பகை குளிர்காலம்.

குளிர்காலத்திலே வட அத்திலாந்திக்கில் புயல் வீசும், பிரயாணிகள் குறைவர். எல்பே நதியிலும் பனிக்கட்டி மிதந்து வந்து கப்பல்களுக்கு இடையூறு செய்யும். கோடையிற் பொன் குவித்த பெருங்கப்பல், குளிர்காலத்தில் வெறுங்கையோடு துறையிற் கட்டிக் கிடக்கும். கட்டிக் கிடக்கும் கப்பலுக்கும் செலவு உண்டு. மாலுமிகளுக்குச் சம்பளம் கொடுத்தல் வேண்டும். இயந்திரங்களைப் பேணல் வேண்டும். கடன் வாங்கிய முதலுக்கு வட்டி கட்டல் வேண்டும். உழாத காலத்திலும் எருதுக்கு வைக்கோல் போடத்தானே வேண்டும்?

இச்சிக்கலுக்குப் பலீன் கண்ட தீர்வு எளிது. வடக்கே குளிர் வாட்டும்போது தெற்கே மத்தியதரைக் கடலில் இளவெயில் எறிக்கின்றது. ஆகவே கப்பலைத் தெற்கே கொண்டுசெல்வோம். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போக வேண்டியவர்களுக்காக அன்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவர விரும்புவோர்க்காகச் செலுத்துவோம் என்று அவர் எண்ணினார். 1891ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள், எல்பே நதி கடலோடு கலக்கும் குக்ஸ்ஹாவன் துறையிலிருந்து ‘அகுஸ்தா விக்டோரியா’ 241 பிரயாணிகளுடன் தெற்கு நோக்கிப் புறப்பட்டது. அவர்களுள் பலீனும் அவர் மனைவி மரியானும் இருந்தனர்.

இதுவே உலகின் முதலாவது உல்லாசக் கப்பற் பயணம் எனப் பலர் எழுதுவர். அவ்வாறு அறுதியிட்டுக் கூறுதல் எளிதன்று. ஆங்கில நாவலாசிரியர் தக்கரே 1844ஆம் ஆண்டிலேயே கம்பனிக் கப்பலில் மத்தியதரைக் கடலைச் சுற்றிவந்து நூல் எழுதினார். 1867இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட ‘குவேக்கர் சிற்றி’ என்னும் கப்பலில் மார்க் டுவெயின் சென்றார். அப்பயணமும் நகைச்சுவை நிறைந்த நூலாயிற்று. எனினும் அத்திலாந்திக் பெருங்கப்பல் ஒன்றை, விடுதியும் உணவும் ஊர்காண் செலவும் ஒன்றாய் இணைத்து, ஆண்டுதோறும் நடத்தத்தக்க தொழிலாக்கிய பெருமை 1891ஆம் ஆண்டுப் பயணத்துக்கு உரியது. ஏறக்குறைய இரண்டு மாதம் நீடித்த அப்பயணம் வெற்றியாய் முடிந்தது. அடுத்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது.

இனி, கப்பலினுள்ளே நுழைந்து உணவு மண்டபத்தைக் காண்போம். கரையிலுள்ள விடுதியில் உணவு பிடிக்காதவன் தெருவுக்கு இறங்கி வேறு கடை பார்க்கலாம். நடுக்கடலில் அது கூடுமா? ஆகவே கப்பலின் நற்பெயர் பெரும்பாலும் அதன் சமையற்கட்டிலேயே தங்கியிருந்தது. வேளை தவறாது மணியடிக்கும். பிரயாணிகள் நீண்ட மேசைகளின் இருமருங்கும் வரிசையாக அமர்வர். நாற்காலிகள் தளத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். சுழற்றி உட்காரலாமேயன்றி நகர்த்தல் இயலாது. கடல் கொந்தளிக்கும் நாளில் தட்டுகள் சரிந்து வீழாதபடி மேசையின்மேல் மரச்சட்டங்கள் பொருத்தப்படும். அந்நாளில் பலருடைய நாற்காலி வெறுமையாகவே இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பலீன் உணவு விடயத்தில் மிக நுணுக்கமானவர். தம் கம்பனிக் கப்பல்களிற் பிரயாணம் செய்யும்போதெல்லாம் குறிப்பேடு ஒன்றை உடன்வைத்திருப்பார். வாட்டிய ரொட்டி சூடு ஆறாதபடி துணியிற் சுற்றி வரவேண்டும் என்பது போன்ற சிறு செய்திகளையும் அதிற் குறித்துக்கொள்வார். கோடிக்கணக்கான முதலோடு விளையாடிய ஒருவர், ரொட்டியின் சூட்டைப் பற்றி ஏன் கவலை கொண்டார்? விருந்தினர் மனம் பெரிய குறையாற் கெடுவதிலும் சிறிய குறையாற் கெடுவதே மிகுதி என்பதை அவர் அறிந்திருந்தார். நம் வீட்டுப் பாட்டிமார் அறிந்த உண்மையும் இதுவே.

நீண்ட மேசையிலே கணவன் மனைவியர் தம் விருப்பப்படி தனித்திருந்து உண்ணுதல் அரிது. அயலில் யார் அமர்கின்றாரோ அவரோடு பயணம் முடியும்வரை உரையாடியே தீரல் வேண்டும். இக்குறையும் பின்னர் நீங்கிற்று. 1905ஆம் ஆண்டில் இதே கம்பனி ‘அமெரிக்கா’ என்னும் பெருங்கப்பலை ஓட்டத் தொடங்கியபோது, புகழ்பெற்ற விடுதியாளர் சேசர் றிட்ஸின் பெயரால் அதிலே தனி உணவுச்சாலை அமைந்தது. சிறு சிறு மேசைகள், வேண்டிய நேரம், வேண்டிய உணவு, அதற்குத் தனி விலை. கடல்மேல் இருவர் மட்டும் எதிரெதிரே அமர்ந்து உண்ணும் அந்தச் சிறு மேசை, இன்றைய உல்லாசக் கப்பல்களின் உணவுச்சாலைகளுக்கெல்லாம் மூத்த தமக்கை எனலாம்.

கப்பலில் இருப்பது பாதிப் பயணமே. மற்றப் பாதி துறைமுகங்களில் நிகழ்வது. ‘அகுஸ்தா விக்டோரியா’ ஜிப்ரோல்டரைக் கடந்து மத்தியதரைக் கடலுள் நுழைந்து, ஜெனோவா, அலெக்சாந்திரியா, யோப்பா, பெய்ரூட், கொன்ஸ்தாந்திநோப்பிள், ஏதென்ஸ், மால்டா, நேப்பிள்ஸ் முதலிய இடங்களைச் சுற்றிவந்தது. அலெக்சாந்திரியாவிலிருந்து கெய்ரோவுக்குப் புகையிரதம் முன்னரே ஓடியது. ஆகவே கூர்ங்கோபுரங்களைக் காண்பது கடினமன்று. யோப்பாவின் கதை வேறு. அங்கே பெருங்கப்பல் அணையத்தக்க துறை இல்லை. கப்பல் வெளிக்கடலில் நங்கூரமிடும். உள்ளூர்ப் படகோட்டிகள் வந்து, கரையை மறித்து நிற்கும் பாறைகளுக்கிடையே அலை ஏறி இறங்கும் சமயம் பார்த்து, பிரயாணிகளைக் கரை சேர்ப்பர். கடல் சீறினால் அன்று இறங்குதல் இல்லை.

யோப்பாவிலிருந்து எருசலேம் ஏறத்தாழ 60 கிலோமீற்றர். அவ்வழியிற் புகையிரதம் ஓடத் தொடங்கியது 1892இலேயே. ஆகையால் 1891இற் சென்றவர்கள் குதிரை வண்டிகளிலே புழுதி படிந்த மலைப்பாதையில் ஏறிச்சென்றனர். பெய்ரூட்டிலிருந்து தமஸ்குவுக்கும் மலைகளைக் கடந்து செல்லும் வண்டிப்பாதையே வழி. நேப்பிள்ஸில் வெசூவியஸ் எரிமலைமேல் ஏறுவதற்கு மட்டும் 1880இலேயே கம்பியால் இழுக்கும் சிறு இரதம் அமைக்கப்பட்டிருந்தது. காலையில் எரிமலை, மாலையிற் பொம்பெயி நகரத்து இடிபாடுகள், இரவிற் கப்பலின் மின்விளக்கொளியில் விருந்து. இவ்வாறு ஈராயிரம் ஆண்டுகளை ஒரே நாளில் விழுங்கிச் செல்லும் புதுமை அங்கே பிறந்தது.

பிரயாணிகளைக் கரைக்கு அனுப்புவதில் மற்றொரு வசதியும் இருந்தது. அக்காலக் கப்பல்கள் நிலக்கரியால் ஓடின. கரி ஏற்றும் நாளிலே தொழிலாளர் கூடைகூடையாகச் சுமந்து கொட்டுவர். கரித்தூள் கப்பலெங்கும் படியும். சாளரங்களையெல்லாம் அடைத்து வைத்தாலும் புகுந்துவிடும். வெள்ளையுடை உடுத்தோர் அவ்வேளையிற் கரையில் இருப்பதே நலம். கணவனும் மனைவியும் பழைய கோயிலின் தூண்களை வியந்து நிற்கும்போது, அவர்களுடைய கப்பலின் வயிற்றைக் கரிய கைகள் நிரப்பிக்கொண்டிருக்கும். மாலையில் அவர்கள் திரும்புமுன் தளம் கழுவப்பட்டுப் பளிச்சிடும். கரி சுமந்தோர் போய்விடுவர். கடலிற் சென்ற பின்னரோ, கப்பலின் அடியிலே உலைக்கு முன் நின்று அக்கரியை வாரியெறிவோர் இரவும் பகலும் வெந்துகொண்டிருப்பர். மேலே நடக்கும் விருந்தின் தீ கீழே எரிந்தது.

அப்பயணத்தில் ஓவியர் ஒருவரும் இருந்தார். ஹம்பேர்க் நகரத்தவரான கிறிஸ்தியான் வில்ஹெல்ம் அல்லேர்ஸ் என்பவர், பிரயாணிகளையும் துறைமுகக் காட்சிகளையும் வரைந்து, அதே ஆண்டில் நூலாக வெளியிட்டார். அந்நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘பக்சீஸ்’. கீழை நாட்டுத் துறைகளிலே வெள்ளையரைக் கண்டதும் சிறுவரும் கழுதை ஓட்டுவோரும் சுமைகூலிகளும் கைநீட்டிக் கேட்ட இனாமின் பெயர் அது. எருசலேமைக் கண்டனர், ஏதென்ஸைக் கண்டனர், நைல் நதியைக் கண்டனர். ஆயினும் அந்நினைவுகளையெல்லாம் திரட்டிய நூலின் முகப்பில் ஏறியது, கரையிலே கேட்ட இந்த ஒரு சொல். நகைச்சுவைக்காகவே ஓவியர் அப்பெயரைத் தெரிந்தார் என்பதில் ஐயமில்லை. அந்நகைச்சுவைக்குள் ஒரு துயரமும் இருக்கின்றது. சில மணி நேரம் மட்டும் இறங்கும் பிரயாணிக்கு ஒரு நாட்டு மக்களிடமிருந்து கேட்கக் கிடைப்பது பெரும்பாலும் இரத்தற்சொல் ஒன்றே.

இதனை நாம் அயலார் கதையென்று தள்ளிவிடல் இயலாது. கொழும்புத் துறைமுகமும் அக்காலத்தில் பெயர்பெற்ற கரி நிலையமாயிருந்தது. கப்பல் வந்து நின்றதும் நம் நாட்டுச் சிறுவர்கள் தெப்பங்களில் அதனைச் சூழ்வர். பிரயாணிகள் மேலிருந்து எறியும் நாணயத்தை நீரிற் பாய்ந்து, அது அடியிற் சேருமுன் பற்றிக்கொண்டு எழுவர். கப்பலில் வந்தோர் எழுதிய நூல்கள் பலவற்றில் அச்சிறுவர்கள் வேடிக்கைக் காட்சியாக இடம்பெற்றனர். அவர்களுடைய பெயரைக் கேட்டு எழுதினோர் மிகச் சிலரே.

பலீனுடைய வாழ்க்கையில் இந்த முரண்பாடு இன்னும் ஆழமாய்ப் பதிந்திருந்தது. அவருடைய கம்பனியின் செல்வத்துக்கு அடிப்படை உல்லாசப் பிரயாணிகள் அல்லர், புலம்பெயர்ந்த ஏழைகளே. ரஷ்யப் பேரரசிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் மூட்டை முடிச்சுகளோடு வந்த இலட்சக்கணக்கான குடும்பங்கள், கப்பல்களின் கீழ்த்தட்டில் நெருங்கிப் படுத்து அத்திலாந்திக்கைக் கடந்தன. அங்கும் கணவனும் மனைவியும் சேர்ந்தே சென்றனர். அவர்களுக்குத் திரும்பிவரும் துறைமுகம் இல்லை.

1892ஆம் ஆண்டில் ஹம்பேர்க் நகரத்தில் வாந்திபேதி நோய் பரவி 8,000 பேருக்கு மேல் மாண்டனர். புலம்பெயர்வோரே நோயைக் கொண்டுவந்தனர் என்ற பழி எழுந்தது. பின்னர் 1901இல் அக்கம்பனி, நகரத்துக்கு எதிரே உள்ள வெட்டெல் தீவில் புலம்பெயர்வோர்க்கெனத் தங்குமண்டபங்களை அமைத்தது. அங்கே மருத்துவப் பரிசோதனை இருந்தது; தூய படுக்கை இருந்தது; வழிபாட்டுக்கு இடம் இருந்தது. யூதர்களுக்கு அவர்கள் சமய விதிப்படி சமைக்கும் தனிச் சமையற்கூடமும் இருந்தது. வியாபாரக் கணக்கு அதிற் கலந்திருந்தது உண்மையே. ஆயினும், ஏழைப் பிரயாணியும் தன் நெறிப்படி உண்ண வேண்டியவன் என்பதை உணர்ந்து உலையேற்றிய இடம் அது. விருந்தோம்பல் என்னும் சொல்லுக்கு, றிட்ஸ் உணவுச்சாலையிலும் இம்மண்டபமே நெருங்கியதென்று கூறலாம்.

உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டப்பெற்ற முதற் கப்பலும் இக்கம்பனியுடையதே. 1900இல் நீரில் இறக்கப்பட்ட அதன் பெயர் ‘பிரின்செசின் விக்டோரியா லூயிசே’. அதிலே கீழ்த்தட்டுப் பிரயாணிகள் இல்லை. முதலாம் வகுப்பு மட்டுமே. 1906ஆம் ஆண்டு டிசம்பரில் யமேக்கா தீவருகே அது பாறையில் மோதி அழிந்தது, பிரயாணிகள் காப்பாற்றப்பட்டனர். ஆனால் கப்பற்றலைவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். விருந்தினர் ஓய்வுக்காக எத்துணைப் பொறுப்பை ஒருவர் தோளிற் சுமக்கின்றார் என்பதற்கு அச்சாவு சான்று.

பலீனுடைய முடிவும் துயரமானதே. பிரித்தானியாவுக்கும் ஜேர்மனிக்கும் இடையே போர் மூளாதிருக்க அவர் பாடுபட்டார், பயன் கிட்டவில்லை. 1914இல் போர் தொடங்கியது. அவர் கட்டுவித்த பெருங்கப்பல்கள் துறைகளில் முடங்கின. அவற்றுள் ஒன்றான ‘வாட்டர்லாந்து’ அமெரிக்கர் கைக்குப் போய்ப் போர்வீரரை ஏற்றும் கப்பலாயிற்று. 1918ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், பேரரசு வீழ்ந்து குடியரசு அறிவிக்கப்பட்ட அதே நாளில், அளவுக்கு மீறிய தூக்க மருந்தால் பலீன் உயிர் நீத்தார். 27 ஆண்டுகளுக்கு முன் அவருடன் இளவெயில் தேடித் தெற்கே சென்ற மரியான், கணவனை இழந்து ஹம்பேர்க்கிலே தனித்தார்.

அவர் தொடங்கிய தொழிலோ அழியவில்லை. 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் 3 கோடிக்கு மேற்பட்டோர் உல்லாசக் கப்பல்களிற் சென்றனர். 2024இல் ஓடத் தொடங்கிய ‘ஐகன் ஒவ் த சீஸ்’ என்னும் கப்பல் 7,600 பிரயாணிகள் வரை ஏற்றவல்லது. 1891இற் சென்ற 241 பேரை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க. இத்துணைப் பேர் ஒரே காலையில் ஒரு சிற்றூரில் இறங்கினால், விருந்து வெள்ளமாக மாறிவிடும். வெனிஸ் நகரத்தார் இதனை அனுபவித்து அறிந்தனர். அந்நகரின் நடுவே செல்லும் கால்வாயிற் பெருங்கப்பல்கள் நுழைதலை இத்தாலிய அரசாங்கம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாகத் தடைசெய்தது.

நம் கரைக்கும் அந்த வரவு எட்டியுள்ளது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பல் ஒன்று அம்பாந்தோட்டை, திருகோணமலை ஆகிய துறைகளோடு காங்கேசன்துறைக்கும் வந்தது. நெடுங்காலம் போரின் சுவடு படிந்திருந்த அத்துறையிலே, கணவரும் மனைவியருமாகப் பலர் இறங்கினர். பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வருவோர் நம் மொழியே பேசுவோராயும் இருத்தல் கூடும். அங்ஙனம் வருவோர் கீரிமலைக் கேணியைக் காண விரும்புவர், நல்லூருக்குப் போவர், யாழ்ப்பாண நூலகத்தின் முன் நிற்பர், பனங்கட்டி வாங்குவர், மாலை மணியடிக்குமுன் கப்பலுக்குத் திரும்புவர்.

அந்தச் சில மணி நேரத்திலே இரு தரப்பாருக்கும் கடமை உண்டு. வருவோர் ஒன்றை மனத்திற்கொள்ளல் வேண்டும். கப்பலிற் பெற்ற உபசாரத்துக்கு அவர்கள் விலை கொடுத்துள்ளனர். ஊரிற் பெறும் உபசாரத்துக்கு விலை கொடுக்கவில்லை. நல்லூர்க் கோயிலுள் ஆடவர் மேலாடை களைந்து புகுதல் வழக்கமெனின், அதனை அறிந்து நடத்தல் வேண்டும். ஒரு முதியவளைப் படம் பிடிக்குமுன் அவளிடம் ஒரு சொல் கேட்டல் வேண்டும். பொருளுக்கு நேர்மையான விலை கொடுத்தல் வேண்டும். நாணயத்தை எறியாது கையிற் கொடுத்தல் வேண்டும். இவை பெரிய காரியங்களல்ல. வாட்டிய ரொட்டியின் சூட்டைப் போலச் சிறியனவே. ஆனால் மனம் கெடுவதும் மலர்வதும் இவற்றாலேதான்.

கரையிலிருப்போர்க்கும் கடமை உண்டு. ஒருநாள் வருவோரிடம் ஒருநாள் இலாபத்தை அள்ளிவிடலாம் என்று எண்ணும் ஊரை, மறுமுறை கப்பல் நாடாது. சரியான வழி காட்டுதலும், சரியான விலை சொல்லுதலும், கேட்டதற்குப் பொறுமையாக விடை கூறுதலும் எந்த அரசாங்கத் திணைக்களமும் ஊருக்காகச் செய்து தரக்கூடியவை அல்ல. கைநீட்டும் சிறுவனை நாம் துறைமுகத்துக்கு அனுப்பாது பள்ளிக்கு அனுப்புவோமாயின், ‘பக்சீஸ்’ என்னும் பெயரில் நம்மைப் பற்றி எவரும் நூல் எழுதார்.

விருந்தோம்பத் தெரிந்த இல்லறத்தார்க்கு விருந்தினராய் நடப்பது கடினமன்று. தம் வீட்டு வாசலில் வந்து நிற்பவர் எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டுமென அவர்கள் விரும்புவரோ, அவ்வாறே அயலூர் வாசலிலும் நடந்தாற் போதும். கணவன் மட்டும் கடல் கடந்த காலத்திலே, அவன் என்ன பொருளோடு மீள்வான் என்று மனைவி கரையிற் காத்திருந்தாள். இருவரும் சேர்ந்து கடல் கடக்கும் இக்காலத்தில், அவர்கள் இறங்கிச் சென்ற கரையிலே எவ்வாறு நினைக்கப்படுகின்றனர் என்பதே அவர்கள் ஈட்டிய பொருள்.